நாலு சக்கரமும் பார்த்தாச்சு

வேலை நேரத்தில் சித்தியை 'மேடம்' என்றுதான் கூப்பிட வேண்டும். எங்கள் துப்பறியும் நிறுவனத்தின் ஒரே சட்டம் அதுதான். நிறுவனம் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, சித்தி, நான், ஒரு மேஜை, சுற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு மின்விசிறி, இவ்வளவுதான். மூளை சம்பந்தப்பட்டதெல்லாம் சித்தி பொறுப்பு. மிச்சம் என் பொறுப்பு. மிச்சத்தில் கார் ஓட்டுவது, டீ வாங்குவது, திட்டு வாங்குவது மூன்றும் சேர்த்தி.

அன்று காலை நாங்கள் போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். எதிரே மூக்கு நசுங்கிய ஒரு பச்சைக் கார் கிடந்தது.

தூரத்தில் இருந்து பார்த்தால் நம் கொள்ளுத்தாத்தா காலத்து வண்டி என்று சத்தியமே செய்யலாம். நீண்ட மூக்கு, உருண்டை விளக்கு, ஏறி நிற்கப் பக்கவாட்டில் படி, கம்பிச் சக்கரம் எல்லாம் உண்டு. கைப்பிடி விட்டுச் சுழற்ற முன்னால் ஓர் ஓட்டைகூட இருக்கும். கிட்டே போனால்தான் குட்டு வெளிப்படும். உடம்பு ஃபைபர். உள்ளே இருப்பது நாமெல்லாம் ஓட்டுகிற சின்னக் காரின் இன்ஜின். அந்த ஓட்டையில் கைப்பிடி விட்டுச் சுழற்றினால் கைதான் வலிக்கும். பழைய காரைப் பார்த்துப் புதிதாகச் செய்த நகல் அது.

செய்தவர் அப்பாவின் ரிப்பேர் ஷெட்டை எடுத்து, நகல் கார் செய்யும் இடமாக மாற்றியவர். இதுதான் அவருடைய முதல் வண்டி. முந்தாநாள் காலை இதை வெள்ளோட்டம் எடுத்துப் போனார். பாலத்துச் சரிவில் முன்பக்க வலது சக்கரம் கழன்று, காரை முந்திக்கொண்டு உருண்டு போய் ஒரு சலூன் வாசலில் படுத்துக்கொண்டது. கார் பாலத்துச் சுவரில் போய் முட்டியது. இப்போது அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இன்னும் கண் திறக்கவில்லை.

எங்களை அமர்த்தியது அவருடைய அம்மா. நேற்று எங்கள் அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியில் உட்காராமலே பேசினார். போலீஸ் ஏற்கெனவே ஷெட்டின் ஃபிட்டரைப் பிடித்து வைத்திருந்தது. அந்தம்மாவுக்கும் அவன்மேல்தான் சந்தேகம். ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. ஏன் செய்தான் என்று தெரியாமல் அவரால் மகன் பக்கத்தில் நிம்மதியாக உட்காரக்கூட முடியவில்லையாம். "என் பிள்ளைக்கு அவன் கூடப் பிறந்தவன் மாதிரி. என் கையால சாப்பிட்டவன். ஏன் செஞ்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார். சொல்லும்போது குரல் உடையவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஃபிட்டருக்கு ஷெட்டில் பெயர் 'பதினேழு'. பதினேழாம் நம்பர் ஸ்பானரைக் கையைவிட்டு இறக்காதவன் என்பதால் வந்த பெயர். அவனுக்கு எதிராக இன்ஸ்பெக்டரிடம் மூன்று விஷயம் இருந்தது. ஒன்று, விபத்துக்கு முந்தின நாள் முதலாளியோடு அவன் போட்ட சண்டை. 'இந்தச் சக்கரம் ஒருநாள் உன்னை விட்டுட்டுப் போயிடும்' என்று அவன் கத்தியதை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு, அந்தம்மாவின் வாக்குமூலம். 'அன்னைக்குக் காலையில நாலு சக்கரமும் நானே பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். எல்லாம் கிண்ணுன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் ஷெட்டுல இருந்தது அவன் ஒருத்தன்தான்.' மூன்றாவது, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. இன்ஸ்பெக்டர் அதை எங்கள் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினார்.

பைக்குள் இருந்தது சாலையில் பொறுக்கி எடுத்த நட்டு. நம் வண்டிகளில் ஒரு சக்கரத்துக்கு நாலைந்து சின்ன நட்டு இருக்கும். பழங்காலத்து வண்டியில் நட்டநடுவே பெரிதாக ஒன்றே ஒன்றுதான். அதற்கு இரண்டு பக்கமும் முயல்காது போல நீட்டிக்கொண்டிருக்கும். ஷெட்டில் அதற்குப் பெயர் காது நட்டு. நகலிலும் அப்படியே செய்திருந்தார்கள். பளபளக்கும் அந்தக் காதில் சிவப்பாக ஒரு தீற்றல் இருந்தது.

நான் ரத்தமா என்று கேட்டேன். செம்பு என்றார் இன்ஸ்பெக்டர். ஷெட்டில் ஒரு செம்புத் தலைச் சுத்தியல் மாட்டியிருக்கிறதாம். அதால் அடித்துக் கழற்றியிருக்கிறான், மதியம் கோர்ட்டுக்குக் கொண்டு போகிறோம், விஷயம் முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

"மத்த மூணு சக்கரத்தையும் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் சித்தி.

"கழண்டது ஒண்ணுதான் மேடம். கழலாததை எதுக்குப் பார்க்கணும்?"

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு, 'சட்டையை மடித்துவிட்டுக்கொள்' என்று அர்த்தம். காரோடு வந்த காது நட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு இடது பக்க முன்சக்கரத்தில் தொடங்கினேன். அசையவில்லை. ஸ்பானரில் தொங்கிப் பார்த்தேன். நான்தான் ஆடினேன், நட்டு ஆடவில்லை. இடது பக்கப் பின்சக்கரமும் அதே கதை. வலது பக்கப் பின்சக்கரத்துக்கு வந்தால், ஸ்பானரே தேவைப்படவில்லை. விரலால் தள்ளியதும் தயிர்ப்பானை மூடி மாதிரிச் சுற்றியது. மூன்று நட்டிலும் காதில் சிவப்புத் தீற்றல் இருந்தது.

சித்தி ஒவ்வொன்றின் முன்னாலும் குந்தி உட்கார்ந்து, தீற்றல் காதின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நாலையும் அடிச்சிருக்காங்க. இடது ரெண்டும் இன்னும் இறுகியிருக்கு. வலது ரெண்டும் கழண்டிருக்கு. சக்கரத்தைக் கழட்டணும்னு வந்தவன் இடது பக்கத்தை எதுக்கு இறுக்கிட்டுப் போறான்?"

இன்ஸ்பெக்டர் யோசித்துவிட்டு, திசை திருப்பத்தான் என்றார். போலீஸ் அகராதியில் புரியாத எல்லாவற்றுக்கும் அர்த்தம் அதுதான் போல.

பதினேழை ஒரு நிமிடம் பார்க்க அனுமதி கிடைத்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவன். கன்னத்தில் நகக் கீறல். ஆஸ்பத்திரி வாசலில் அந்தம்மா அவனை அறைந்த அன்று வந்தது. ஸ்பானர் இல்லாத கை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானை முறுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக அவன் சொன்ன ஒரே பதில், 'சொல்றதுக்கு ஒண்ணுமில்ல' என்பதுதான்.

சித்தி வணக்கமெல்லாம் சொல்லவில்லை. "இடது பக்கச் சக்கரத்தை யாருப்பா அப்படி இறுக்கினது?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் முகம் வெளிறிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். எழுந்து நின்றான்.

"நான்தான் மேடம். நாலையும் நான்தான் அடிச்சேன். கோபத்துல செஞ்சுட்டேன். எழுதிக்கச் சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்."

இன்ஸ்பெக்டருக்கு வாயெல்லாம் பல். இரண்டு நாள் தொண்டைத் தண்ணி வற்றக் கேட்டும் வராதது, ஒரு பெண்மணியின் ஒற்றைக் கேள்வியில் வந்து விழுந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது. நான் வெளியே வந்ததும், மேடம், குற்றவாளியே ஒப்புக்கொண்டுவிட்டான், வீட்டுக்குப் போகலாமா, பசிக்கிறது என்றேன்.

சித்தி காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "நான் கேட்டது இடது பக்கம். அவன் நாலுன்னான். போலீஸே ஒண்ணைத்தான் பார்த்துச்சு. நாலுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அடிச்சவனுக்குத் தெரியாதா?"

"அடிச்சவன்னா ரெண்டு நாள் முன்னாடியே சொல்லியிருக்கலாம், இல்லைன்னா இன்னைக்கும் வாயை மூடியிருக்கலாம். இடது பக்கம் இறுக்கமா இருக்குன்னு நான் கண்டுபிடிச்சதும்தான் இவனுக்கு ஒப்புக்கணும்னு அவசரம் வருது. யாரையோ மறைக்கிறான். ஷெட்டுக்கு விடு வண்டியை."

ஷெட்டில் பெயின்டர் மட்டும் இருந்தார். மூக்கைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, அரைகுறையாக நின்ற இன்னொரு நகலின் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேலை ஓடவில்லை என்றும், சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்றும் சொன்னார். மூலையில் துணி போர்த்தி நின்றது அசல் பழைய கார். காரைச் செய்தவரின் அப்பா, காலமான பெரிய முதலாளி, ஆசையாக வைத்திருந்தது. அதன் மேல் அச்சு எடுத்துத்தான் நகலுக்கு உடம்பு வார்க்கிறார்களாம். அதனால் இது தாய் வண்டி, மற்றதெல்லாம் பிள்ளை வண்டி. சுவரில் தாய் வண்டிக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணி. செம்புச் சுத்தியலைப் போலீஸ் எடுத்துப் போயிருந்ததால் அது இப்போது காலியாக இருந்தது.

சித்தி மறுபடி என்னைப் பார்த்தாள். நான் மறுபடி சட்டையை மடித்தேன். முதலில் அரைகுறையாக நின்ற பிள்ளை வண்டியின் வலது பக்கம். ஸ்பானரைப் போட்டு, உலகத்தில் எல்லா நட்டையும் எல்லோரும் கழற்றுகிற திசையில் இழுத்தேன். கழன்றது. மரியாதையான நட்டு. பிறகு தாய் வண்டியின் வலது பக்கம். அதே திசையில் இழுத்தேன். இழுக்க இழுக்க இறுகியது. தோள்பட்டையில் ஏதோ ஒன்று என்னிடம் விடை பெற்றுக்கொண்டது.

பெயின்டர் துணிக்குள் சிரித்தார். "அது எதிர் மரை சார். அந்தப் பக்கம் தலைகீழாத்தான் கழட்டணும்."

அசல் வண்டியில் வலது பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் மரையை, அதாவது நட்டுக்குள் ஓடும் புரியை, தலைகீழாக வெட்டியிருப்பார்களாம். சாதாரண மரை போட்டால், வண்டி முன்னால் ஓட ஓட அந்தப் பக்கத்து நட்டு தானாகவே தளர்ந்துகொண்டு வரும். ஆகவே பழைய மெக்கானிக்குகளுக்கு ஒரே கணக்கு. மேலே நிற்கும் காதை வண்டியின் பின்பக்கமாகத் தட்டினால் இறுகும், முன்பக்கமாகத் தட்டினால் கழலும். எந்தப் பக்கத்துச் சக்கரம் என்று யோசிக்கவே வேண்டாம்.

"பிள்ளை வண்டியில?"

"எல்லாம் ஒரே மரை மேடம். தம்பி அப்படித்தான் லேத்துல சொல்லி அடிச்சாரு. நட்டு திரும்பாம இருக்க உள்ளே சின்னதா ஒரு பூட்டு ஸ்க்ரூ வரும், அது போதும்னாரு. பதினேழு ஒத்துக்கல. அதுக்குத்தான் சண்டை. இந்தச் சக்கரம் ஒருநாள் உன்னை விட்டுட்டுப் போயிடும், பழையபடி எதிர் மரை போடுன்னு தொண்டை கிழியக் கத்துனான்."

போலீஸ் மிரட்டல் என்று எழுதிக்கொண்டது எச்சரிக்கை. பாதி வாக்கியத்தைக் கேட்டுவிட்டு மீதியைக் கோர்ட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அன்று பூட்டு ஸ்க்ரூ போட்டிருந்ததா என்று கேட்டாள் சித்தி. இல்லை. வெள்ளோட்டம் முடிந்ததும் எப்படியும் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பார்கள், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்கள். ஸ்பானரால் இறுக்கினது காம்பவுண்டுக்குள் ஓட்டப் போதும், கேட்டைத் தாண்டாதே என்று பதினேழு சொல்லியிருக்கிறான். முதல் வண்டி. ஓட்டுகிறவருக்குக் கால் நிற்குமா. கேட்டைத் தாண்டிவிட்டார்.

சித்தி தாய் வண்டியின் காதைத் தடவிக்கொண்டே நின்றாள். அவளுக்குப் பிடிபட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவள் முகத்தில் வழக்கமான வெளிச்சம் இல்லை. நாலு காதையும் பின்பக்கமாக அடித்திருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். பழைய கணக்குப்படி நாலும் இறுகியிருக்க வேண்டும். நகலின் மரையில் இடது பக்கம் இறுகியது, வலது பக்கம் கழன்றது. அடித்த கை கழற்ற வந்த கை இல்லை.

"இறுக்க வந்திருக்காங்க" என்றாள்.

அந்தப் பழைய கணக்கு யார் யாருக்குத் தெரியும் என்று பெயின்டரைக் கேட்டேன். பதினேழுக்குத் தெரியும், ஆனால் புது மரை வேண்டாமென்று சண்டை போட்டவனே அதை மறந்து அடிப்பானா என்றார். பெரிய முதலாளிக்குத் தெரியும், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வேறு யாரும் இல்லை என்று கையை விரித்தார்.

திரும்பும் வழியில் சித்தி ஒன்றுமே பேசவில்லை. அவள் பேசாவிட்டால் எனக்கு வாய் துறுதுறுக்கும். போன வாரம் பல் வலி என்று போன கதையை எடுத்துவிட்டேன். நாற்காலியில் சாய்த்து விளக்கைப் போட்டார் டாக்டர். வாயைத் திற என்றார், திறந்தேன். ஐந்து நிமிடத்தில், பார்த்துட்டேன், எழுந்துக்கலாம் என்றார். பார்த்ததற்கு நன்றி சொல்லிவிட்டு நாக்கால் துழாவினால், பல்லைக் காணோம்.

"இனிமே எந்த டாக்டர் பார்க்கறேன்னு சொன்னாலும், கண்ணாலயா கையாலயான்னு கேட்டுட்டுத்தான் வாயைத் திறக்கறதா இருக்கேன்" என்றேன்.

"வண்டியை ஓரமா நிறுத்து."

நிறுத்தினேன். சித்தி கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா வாக்குமூலத்துல என்ன சொன்னாங்க? வார்த்தை மாறாம சொல்லு."

"நாலு சக்கரமும் நானே பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தவன், பாதியில் நிறுத்திவிட்டேன். மெக்கானிக் ஒருவர் உங்கள் வண்டியைப் பார்க்கிறேன் என்றால், கையைக் கட்டிக்கொண்டு அழகு பார்ப்பார் என்றா அர்த்தம்? போலீஸ்காரர் எழுதும்போது 'பார்த்தேன்' என்பதைக் கண்ணால் பார்த்ததாக எழுதிக்கொண்டார். நாங்களும் அப்படியே படித்தோம். பெயின்டர் ஆள் கணக்கு எடுக்கும்போது அந்தம்மாவைச் சேர்க்கவே இல்லை. முதலாளியின் சம்சாரத்தை யார் மெக்கானிக் கணக்கில் வைப்பார்கள்?

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மகனின் அறைக் கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. அதன் வழியே பார்த்தேன். மகன் தலையெல்லாம் கட்டோடு படுத்திருந்தார். அந்தம்மா ஸ்டூலில் உட்கார்ந்து அவருடைய வலது கையை இரண்டு கையாலும் பொதிந்து வைத்துக்கொண்டு, குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நர்ஸ்தான் சொல்லியிருந்தாளாம். கண் திறக்காவிட்டாலும் கேட்கும், தொட்டுப் பேசிக்கொண்டே இருங்கள், அதுதான் இப்போதைக்கு மருந்து என்று.

சித்தி கதவைத் தட்டவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள்.

"பேசாம விட்டுடலாமா?" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. "அவன்தான் ஒப்புக்கிட்டானே."

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. "பதினேழுக்குத் தண்டனை கிடைக்கும் சித்தி" என்றேன். சட்டம் மீறியதை அவளும் கவனிக்கவில்லை.

அந்தம்மாவே எங்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். மகன் கையைப் போர்வைக்குள் வைத்து, போர்வையை இழுத்து விட்டு, பிறகுதான் வந்தார். அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டார். சித்தி அதற்குப் பதில் சொல்லாமல், பழைய காலத்தில் ஷெட்டில் நீங்களும் வேலை பார்த்தீர்களா என்று கேட்டாள்.

அந்தம்மா முகத்தில் முதல்முறையாகச் சின்னதாக ஒரு மலர்ச்சி தெரிந்தது. கல்யாணமான புதிதில் ஷெட்டில் வேறு ஆளே கிடையாதாம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இவர்தான் எல்லாம். எந்த வண்டியும் இவர் கை படாமல் கேட்டைத் தாண்டாது. "அவர் இன்ஜின் பார்ப்பாரு, நான் சக்கரம் பார்ப்பேன். அவர் இருந்த வரைக்கும் ஒரு சக்கரம் கழண்டதா சரித்திரம் இல்ல" என்றார். மகன் நகல் கார் செய்யத் தொடங்கிய பிறகு அவனுக்கும் இவருக்கும் மனஸ்தாபம். பொம்மை வண்டி என்று ஏளனமாகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து ஷெட்டுப் பக்கமே போகவில்லை. அன்றுதான், முதல் வண்டி வெளியே எடுக்கிறான் என்று தெரிந்து, மனசு கேட்காமல் அவன் வருவதற்கு முன்னால் போயிருக்கிறார்.

"போய் சக்கரம் பார்த்தீங்க."

"பார்க்காம அனுப்புவேனா?"

"எப்படிம்மா பார்த்தீங்க?"

அந்தம்மாவுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல இருந்தது. வலது கையைத் தூக்கினார். இல்லாத சுத்தியலைப் பிடித்து, இல்லாத சக்கரத்தின் மேல் காதை, முன்னாலிருந்து பின்பக்கமாக ஒரு தட்டுத் தட்டினார். மணிக்கட்டில் இருந்து மட்டும் வந்த அளவான தட்டு. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கை ஒன்றையும் மறக்கவில்லை.

"சக்கரத்துக்கு ரெண்டு தட்டு. கிண்ணுன்னு ஒரு சத்தம் வரும். அது வந்தா போதும்."

"வலது பக்கமும் இப்படித்தானா?"

"எந்தப் பக்கமா இருந்தா என்ன? பின்னால தட்டினா…"

அவர் நிறுத்தினார். சித்தி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நகல் வண்டியில் எதிர் மரை இல்லை என்பதைச் சொன்னாள். எல்லா நட்டுக்கும் ஒரே மரை, பூட்டு ஸ்க்ரூ அன்றைக்குப் போட்டிருக்கவில்லை. மூன்று வாக்கியம்தான். சுற்றி வளைக்கவும் இல்லை, ஆறுதலாக எதையும் கலக்கவும் இல்லை. மரை தெரிந்தவருக்கு அதற்கு மேல் சொல்லத் தேவை இருக்கவில்லை.

அந்தம்மா அழவில்லை. சித்தியின் பிடியிலிருந்து தன் கைகளை உருவிக்கொண்டார். அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு அக்குளிலும் செருகி இறுக்கிக்கொண்டார்.

"அவனைப் போய் நான் அறைஞ்சேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். மகன் இருந்த அறைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பதினேழின் வாக்குமூலத்தை அழகான கையெழுத்தில் எழுதி முடித்திருந்தார். சித்தி சொல்லச் சொல்ல அவர் முகம் காற்று இறங்கிய டயர் போல ஆனது. பார்த்தேன் என்றால் பார்த்தேன் என்றுதானே எழுத முடியும் என்று அலுத்துக்கொண்டார். அதுவும் நியாயம்தான். அந்தம்மா தான் செய்ததைத் தன் வாயால் சொன்னார். ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பதினேழை அழைத்து வந்தார்கள். அந்தம்மாவைக் கண்டதும் அவன் என்னையும் சித்தியையும் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். கெடுத்துவிட்டீர்களே என்று இருந்தது அது.

"உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டார் அந்தம்மா.

தெரியும் என்று தலையாட்டினான். அன்று அவன் வேறொரு வண்டிக்கடியில் பள்ளத்தில் வேலையாக இருந்திருக்கிறான். மேலே சுத்தியல் சத்தம் கேட்டது. அம்மா வந்திருக்கிறார், தாய் வண்டியைத் தட்டிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டான். சக்கரம் கழன்றது என்று கேள்விப்பட்ட பிறகுதான் அந்தச் சத்தம் எந்த வண்டியில் இருந்து வந்தது என்று புரிந்தது.

"புரிஞ்சதும் என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? நான் அடிச்சப்பவாவது சொல்லியிருக்கலாமே. ஏன்டா வாயை மூடிக்கிட்டு இங்கே வந்து உட்கார்ந்தே?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தம்பி கையைப் பிடிச்சுக்கிட்டு நீங்க பேசணும்னு நர்ஸு சொன்னாங்கல்லம்மா. அப்ப நானும் அங்கேதான் நின்னேன். இதைச் சொன்னா நீங்க கையை எடுத்துடுவீங்க. எனக்குத் தெரியும் உங்களை."

இன்ஸ்பெக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

பதினேழை அப்போதே விட்டுவிட்டார்கள். அந்தம்மாவை மறுநாள் வந்து முறையாக ஒரு வாக்குமூலம் கொடுக்கச் சொன்னார்கள். நாலு பேரும் எங்கள் காரிலேயே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். சித்தி பின்னால் அந்தம்மாவோடு உட்கார்ந்திருந்தாள்.

அறைக்குள் எல்லோரையும் விட மாட்டார்கள். சித்தியும் நானும் கதவுக் கண்ணாடியோடு நின்றுவிட்டோம். மகன் அப்படியேதான் படுத்திருந்தார். நர்ஸ், எங்கேம்மா போயிட்டீங்க, இவ்வளவு நேரம் யாருமே பேசலையே, வாங்க, கையைப் பிடிச்சுக்கோங்க என்று கூப்பிட்டாள். அந்தம்மா கட்டிலை விட்டு எட்டவே நின்றார். கை இரண்டும் இன்னும் அக்குளில்தான் இருந்தன. நர்ஸ் இன்னொரு தடவை கூப்பிட்டாள். அவர் அசையவில்லை.

பதினேழு கட்டிலின் அந்தப் பக்கமாகப் போனான். தம்பி, நான்தான் வந்திருக்கேன் என்றான். வேறென்ன பேசுவதென்று அவனுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. இன்ஜின் ஒன்றும் ஆகவில்லை, மூக்கை மாற்றிவிட்டால் போதும், இந்த முறை எதிர் மரை போட்டுவிடலாம் என்று வேலை விஷயமாகவே சொல்லிக்கொண்டு போனான். பாதியில் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

அந்தம்மாவின் உதடு அசைந்தது. கதவு லேசாகத் திறந்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"நான் தொடலாமாடா?"

பதினேழு சுற்றி வந்து, ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டான். போர்வைக்குள்ளிருந்து மகனின் கையை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்தம்மா வந்து உட்காரும்வரை பக்கத்தில் நின்றான்.